ஏரோ எக்டார் லென்ஸும் ஸ்பீடு கிராஃபிக்கும்: கால் மில்லிமீட்டர் கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது விமானத்திலிருந்து தரையைப் படமெடுக்க கோடாக் செய்த லென்ஸ் ஏரோ எக்டார். குவியத்தூரம் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. முழுக்கத் திறந்தால் எஃப் 2.5. கே-24 விமானக் கேமராவின் 5 அங்குலச் சதுர நெகட்டிவுக்காக வடிவமைத்தது என்பதால் 4×5 அங்குல ஃபிலிமின் மூலைவரை ஒளி எட்டும். 35 மி.மீ. ஃபிலிம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 50 மி.மீ., எஃப் 0.7. கண் மட்டும் கூர்மையாக நிற்க, காது கரைந்து, பின்னணி புகையாகிப் போகும் அந்த உருவப்படங்களுக்குக் காரணம் இந்த எண்கள்தான். அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் டேவிட் பர்னெட் 2004இல் ஜான் கெர்ரியின் தேர்தல் பயணத்தையும் 2012இல் லண்டன் ஒலிம்பிக்கையும் இந்த லென்ஸை, 4×5 ஷீட் ஃபிலிம் போடும் பழைய பத்திரிகைக் கேமராவான ஸ்பீடு கிராஃபிக்கில் பூட்டி எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இந்த ஜோடியைத் தேடிப் போனவர்கள் நிறைய.

தேடிப் பிடித்து, பூட்டி, முதல் பத்து ஷீட் எடுத்ததும் மனம் உடைந்துபோகிறவர்களும் நிறைய. எல்லாப் படமும் மங்கல். லென்ஸ் சரியில்லை என்று விற்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் லென்ஸில் குறை இருக்காது. லென்ஸ், கிரவுண்ட் கிளாஸ் (ஃபோகஸ் பார்க்கும் தேய்த்த கண்ணாடி), ஃபிலிம் ஆகிய மூன்றும் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காததுதான் கோளாறு. அந்த நிறுத்தலைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கேமரா. ஏரோ எக்டாரில் ஷட்டர் கிடையாது. ஆகவே ஃபிலிமுக்கு முன்னால் துணித்திரை ஓடும் உடல் வேண்டும். ஸ்பீடு கிராஃபிக்கில் அது உண்டு, கிரௌன் கிராஃபிக்கில் இல்லை. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருப்பதால் மாற்றி வாங்கி ஏமாறுவது நடக்கிறது. திரையை முறுக்கும் சாவி உடலில் இருக்கிறதா என்று படத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஸ்பீடு கிராஃபிக்கிலும் தலைமுறைகள் உண்டு. 1940இல் வந்த ஆனிவர்சரி மாடலில் திரைக்கு நான்கு பிளவு, ஆறு இறுக்கம். இரண்டையும் பெருக்கினால் 1/10 முதல் 1/1000 நொடி வரை 24 வேகங்கள். உடலில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்துத்தான் வேகம் வைக்க வேண்டும். 1947இல் வந்த பேஸ்மேக்கரில் அதை 1/30 முதல் 1/1000 வரை ஆறு வேகமாகச் சுருக்கிவிட்டார்கள். ஒருவரை உட்காரவைத்துப் படமெடுக்கும்போது அட்டவணை படித்துக்கொண்டிருக்க முடியாது. என் ஓட்டு பேஸ்மேக்கருக்கு. லென்ஸைத் தாங்கிக் கேமராவில் மாட்டும் தகடான லென்ஸ் போர்டின் அளவு தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதால், கேமரா கைக்கு வந்து வெர்னியரில் அளந்த பிறகே போர்டு செய்யக் கொடுக்கவும்.

லென்ஸ் வாங்கும்போது வரிசை எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளைப் படியுங்கள். கோடாக் தன் லென்ஸ்களின் ஆண்டை ‘கேமரோசிட்டி’ என்ற சொல்லின் பத்து எழுத்துகளில் ஒளித்துவைத்தது. சி 1, ஏ 2, எம் 3, இ 4, ஆர் 5, ஓ 6, எஸ் 7, ஐ 8, டி 9, ஒய் 0. எண்ணுக்கு முன்னால் ‘இ, எம்’ என்றிருந்தால் 1943. ‘இ, இ’ என்றால் 1944. ‘இ, ஆர்’ என்றால் 1945.

அடுத்து நிறம். வெள்ளைத்தாள்மேல் வைத்துப் பார்த்தால் கண்ணாடி டீத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். அழுக்கு அல்ல, துடைத்தால் போகாது. ஒளிவிலகல் எண்ணைக் கூட்டுவதற்காகப் பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடு சேர்த்திருக்கிறார்கள். தோரியம் கதிர்வீசும் தனிமம். அந்தக் கதிர் எழுபது எண்பது ஆண்டுகளாகக் கண்ணாடியின் உள்ளேயே பாய்ந்து பழுப்பேற்றியிருக்கிறது. பழுப்பு தின்னும் ஒளி அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). நீல ஒளியைத்தான் அதிகம் தின்னும் என்பதால் சாதாரணக் கறுப்புவெள்ளை ஃபிலிமில் மஞ்சள் ஃபில்ட்டர் போட்டது போல இருக்கும், அவ்வளவுதான். நீலத்துக்கும் பச்சைக்கும் மட்டும் கண் திறக்கும் எக்ஸ்ரே ஃபிலிம் போட்டால் இழப்பு அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

பழுப்பைப் போக்கப் புறஊதா ஒளி போதும். புறஊதா எல்.இ.டி. விளக்கு ஒன்றை லென்ஸின் பின்பக்கத்துக்கு அருகே வைத்து, மறுமுனையில் அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் விரித்து, சில நாள் முதல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டால் நிறம் வெளுக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெள்ளைத்தாளில் வைத்து ஒப்பிடுங்கள். விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. மொட்டை மாடி வெயிலில் வைப்பவர்களும் உண்டு. அது வேண்டாம். வெயிலைக் குவிக்கும் பூதக்கண்ணாடிதான் இதுவும். கீழே இருப்பது எரியும். சூடு ஏறினால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும், அபெர்ச்சர் தகடுகளில் கிரீஸ் உருகிப் படரும்.

கதிர்வீச்சைப் பற்றி இரு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். தோரியம் கண்ணாடியோடு கண்ணாடியாக உருகிக் கலந்திருக்கிறது, உதிராது. ஆகவே தேய்ப்பது, பாலிஷ் போடுவது, உடைந்த சில்லைக் கையாள்வது ஆகியவைதான் உண்மையான ஆபத்து; தூள் உடம்புக்குள் போகக் கூடாது. பின்பக்கத்தைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பூதக்கண்ணாடியாகப் பார்க்காதீர்கள். படுக்கைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். பின்மூடி உலோகத்தில் இருக்கட்டும். ஃபிலிம் பெட்டிகளை அதே அலமாரியில் மாதக்கணக்கில் பக்கத்திலேயே வைக்கக் கூடாது, புகைமூட்டம் ஏறும். படமெடுக்கும் நேரத்துக்கு ஃபிலிம் கேமராவில் இருப்பதால் ஒன்றும் ஆகாது.

இப்போது போர்டு. 3 மி.மீ. அலுமினியத் தகட்டுக்குக் குறைந்து போகாதீர்கள். லென்ஸ் ஒரு கிலோவுக்கு மேல் எடை, 1.5 மி.மீ. தகடு வளையும். லென்ஸ் உடம்பில் இருக்கும் மரை கடையில் கிடைக்கும் சாதாரண வளையங்களுக்குப் பொருந்தாது. லேத் பட்டறையில் மரையளவு பார்த்து வளையம் கடையச் சொல்லலாம். அதைவிட எளிது பிளந்த கிளாம்ப் வளையம். லென்ஸ் உடம்பின் விட்டத்துக்குச் சரியாகக் கடைந்து, ஓரிடத்தில் அறுத்து, குறுக்கே ஒரு திருகு போட்டு இறுக்கும் வளையம். அதை நான்கு எம்3 திருகுகளால் போர்டோடு பிடிக்கவேண்டும். வளையம் அபெர்ச்சர் சுற்றுக்கு மேல் உட்கார்ந்தாலோ அளவுக்கு மீறி இறுக்கினாலோ அபெர்ச்சர் திரும்பாது. பின்பக்கக் கண்ணாடி முன் ஸ்டாண்டர்டின் (போர்டு மாட்டும் முன்சட்டம்) துளைக்குள் நுழைகிறதா, பெல்லோஸ் என்ற துருத்தியின் மடிப்பில் உரசுகிறதா என்பதைத் துளை போடுவதற்கு முன்பே அட்டையில் வெட்டிப் பாருங்கள். நுழையாவிட்டால் போர்டைத் தட்டையாகச் செய்யாமல் முன்பக்கம் புடைத்த பெட்டி போலச் செய்யவேண்டும். உள்பக்கம் முழுக்க மங்கலான கறுப்பு. பளபளக்கும் கறுப்புப் பெயின்ட் ஒளியைத் திருப்பியனுப்பி நெகட்டிவைச் சோகையாக்கும். லென்ஸ் பூட்டிய நிலையில் கேமராவை மடித்து மூட முடியாது. ஒவ்வொரு முறையும் போர்டோடு கழற்றத்தான் வேண்டும். அதனால் போர்டைப் பிடிக்கும் தகடு தேயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது முன் ஸ்டாண்டர்ட் தொங்குவதை. சில நூறு கிராம் லென்ஸுக்காகச் செய்த மூட்டில் ஒரு கிலோவுக்கு மேல் தொங்கவிடுகிறோம். மேல்முனை முன்னால் சாயும். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் என்ன ஆகும்? 178 மி.மீ. லென்ஸில் ஒரு டிகிரி சாய்வு, 1.5 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் தளத்தை 8 டிகிரிக்கு மேல் சாய்த்துவிடும். 25 செ.மீ. உயரமுள்ள முகத்தில் இது கிட்டத்தட்ட 3.7 செ.மீ. வித்தியாசம். அதே தொலைவில் எஃப் 2.5இல் கூர்மையாக நிற்கும் ஆழமோ மொத்தமே 3 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தாலும் நெற்றியில் தளம் பின்னால் போய்விடும், தாடையில் முன்னால் வந்துவிடும். படத்தைப் பார்ப்பவர் லென்ஸ் மென்மையானது என்று நினைத்துக்கொள்வார்.

மருந்து எளிது. லென்ஸ் உடம்புக்கு அடியில் எல் வடிவத் தாங்கி ஒன்று, அதன் நுனியில் ஃபெல்ட் ஒட்டிய நைலான் திருகு. இந்தத் தாங்கியை ஃபோகஸோடு சேர்ந்து நகரும் தண்டவாளத்தில் பொருத்தவேண்டும். நகராத படுகையில் பொருத்தினால் ஃபோகஸ் திருப்பும்போது லென்ஸ் நைலான்மேல் இழுபடும். பிறகு போர்டின் நான்கு மூலைகளிலிருந்தும் கேமரா உடலின் முன்விளிம்பு வரை வெர்னியரில் அளங்கள். நான்கு அளவும் 0.3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் முகத்துக்குப் போதும். கேமராவை நெடுக்காகத் திருப்பினால் சாய்வும் திசை மாறும், மறுபடி அளக்கவேண்டும்.

அடுத்ததுதான் தலைப்பில் சொன்ன கால் மில்லிமீட்டர். ஷீட்டை ஒளிபடாமல் கேமராவில் செருகும் 4×5 ஃபிலிம் ஹோல்டரில் ஃபிலிம் உட்காரும் பள்ளத்தின் ஆழத்துக்கு அமெரிக்கத் தர அளவு 0.197 அங்குலம், கூடக்குறைய 0.007. மில்லிமீட்டரில் 5.00, கூடக்குறைய 0.18. ஃபிலிமின் தடிமன் சுமார் 0.18 மி.மீ. என்பதால், கிரவுண்ட் கிளாஸின் தேய்த்த பக்கம் ஏறத்தாழ 4.8 மி.மீ. ஆழத்தில் நிற்கவேண்டும். எஃப் 2.5இல் ஃபிலிம் தளத்தில் நமக்குக் கிடைக்கும் சலுகை முன்னும் பின்னும் கால் மில்லிமீட்டர் சொச்சம். ஹோல்டரே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடலாம். எஃப் 8இல் படமெடுத்தால் இந்தப் பிழை யாருக்கும் தெரியாது. அதனால்தான் பழைய லென்ஸில் ஒழுங்காக வந்த கேமரா ஏரோ எக்டார் மாட்டியதும் கோளாறு காட்டுகிறது.

சோதிக்க: கேமராவை முக்காலியில் நிறுத்தி, 1.5 மீட்டரில் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வையுங்கள், பூஜ்யம் கேமரா பக்கம். எஃப் 2.5இல், 10 மடங்கு லூப்பால் (சிறு பூதக்கண்ணாடி), 15ஆம் கோட்டில் ஃபோகஸ் வைத்து ஒரு ஷீட் எடுத்துக் கழுவுங்கள். நெகட்டிவில் எந்தக் கோடு மிகக் கூர்மை என்று பாருங்கள். இந்தத் தொலைவில் ஸ்கேலில் 1 செ.மீ. விலகல் என்றால் ஃபிலிம் தளத்தில் சுமார் 0.13 மி.மீ. பிழை. கூர்மை 15ஐத் தாண்டித் தூரத்துக்குப் போயிருந்தால், ஃபிலிம் லென்ஸுக்கு நெருக்கமாகவும் கிரவுண்ட் கிளாஸ் தள்ளியும் இருக்கிறது. கண்ணாடியை முன்னால் கொண்டுவர வேண்டும். கேமரா பக்கம் வந்திருந்தால் கண்ணாடியைப் பின்னால் தள்ளவேண்டும். இடைவெளி நிரப்பும் ஷிம்மாகச் சாதாரண ஜெராக்ஸ் தாள் போதும். 80 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் 0.1 மி.மீ. நான்கு மூலைக்கும் ஒவ்வொரு துண்டு. கைவசமுள்ள ஹோல்டர்கள் எல்லாவற்றிலும் இந்தச் சோதனையைச் செய்து, ஒத்துப்போகிறவற்றுக்கு மட்டும் அடையாளம் போட்டு இந்த லென்ஸுக்கு ஒதுக்குங்கள். மற்றவற்றைக் குறுகிய அபெர்ச்சர் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிம்பத்தை ஓரம்வரை வெளிச்சமாகக் காட்டும் ஃபிரெனல் தகடு இங்கே ஒரு தனிச் சிக்கல். பல கிராஃபிக் கேமராக்களில் கிரவுண்ட் கிளாஸுக்கு முன்னால், லென்ஸ் பக்கமாக, எக்டலைட் என்ற ஃபிரெனல் தகடு இருக்கும். அந்தப் பின்சட்டத்தை அதன் தடிமனையும் கணக்கில் சேர்த்தே கடைந்திருக்கிறார்கள். அழுக்கு என்று எடுத்துப்போட்டாலோ, இல்லாத இடத்தில் புதிதாகச் செருகினாலோ ஃபோகஸ் தகடின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு நகரும். 1.5 மி.மீ. தகடுக்கு அரை மில்லிமீட்டர். மேலே சொன்ன சலுகையில் இரண்டு மடங்கு.

தொலைவு பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் இருந்தால் கையில் பிடித்தும் எடுக்கலாம். பக்கத்தில் பதித்த கலார்ட் வகையில் உள்திருகுகளை மாற்றி லென்ஸுக்கு ஏற்பச் சரிசெய்வார்கள். பிற்கால பேஸ்மேக்கரில் மேலே பதித்த வகைக்குக் குவியத்தூரத்துக்கேற்ற கேம் தகடு தனியாக வேண்டும். எதுவானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் தொலைதூரக் கோபுரம் ஒன்றைக் கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் வைத்துத் தண்டவாளத் தடைகளை அங்கே இறுக்கி, ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு பிம்பங்களையும் சேர்க்கவேண்டும். பிறகு 1.5 மீட்டர். பிறகு மறுபடி தொலைவு. ஒன்றைத் திருத்தினால் மற்றது கலையும் என்பதால் நான்கைந்து சுற்று ஆகும். கிரவுண்ட் கிளாஸ் சரியாவதற்கு முன் இதைத் தொட்டால் அத்தனையும் வீண்.

திரை ஷட்டரில் கவனிக்கவேண்டியவை வேறு. முறுக்கும்போது பிளவுகள் ஃபிலிமுக்கு முன்னால் கடந்துதான் மேலே போகும், இடையில் மூடிக்கொள்ளாது. ஆகவே முறுக்கிய பிறகே ஹோல்டரின் மூடித் தகடான டார்க் ஸ்லைடை எடுக்கவேண்டும். வரிசை மாறினால் அந்த ஷீட் போயிற்று. திரையில் ஊசித்துளை இருக்கிறதா என்று இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்துப் பார்த்து, துணிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பெயின்டை மெல்லிசாகத் தொட்டுவையுங்கள். தடித்தால் திரை உருளையில் சிக்கும்.

எழுபது வயது ஸ்பிரிங் சொல்லும் வேகத்தை அப்படியே நம்பவேண்டாம். பின்பக்கத்தைத் திறந்து, முன்னால் விளக்கு வைத்து, போனில் நொடிக்கு 240 பிரேம் வீடியோ எடுங்கள். பிளவு 4 அங்குலத்தைக் கடக்க எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். பிளவின் அகலம் 1/8 அங்குலம் என்றால் அந்தப் பயண நேரத்தை 32ஆல் வகுத்தால் வேகம் வரும். 8 பிரேம் என்றால் ஏறத்தாழ 1/960. 12 பிரேம் என்றால் 1/640. வந்த எண்ணை எழுதி உடலில் ஒட்டிவிடுங்கள். திரை மொத்தமாகக் கடக்க 1/30 நொடி ஆகிறது என்பதையும் கவனியுங்கள். ஃபிலிமில் படம் தலைகீழ், திரை மேலிருந்து கீழே ஓடுகிறது. அதனால் ஆளின் கால் முதலில் பதிவாகும், தலை கடைசியில். திரும்பிக்கொண்டிருக்கும் தலை 1/1000இலும் கோணலாக வருவது இதனால்தான். மின்னணு ஃபிளாஷ் வேண்டுமென்றால் அறையை இருட்டாக்கி, திரையை ‘டி’ நிலையில் திறந்துவைத்து, ஃபிளாஷைக் கையால் வெடித்து, மூடவேண்டும்.

நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு எஃப் 2.5இல் 1/4000 நொடி வேண்டும். கேமராவில் அது இல்லை. எஃப்.பி.4 ஃபிலிம் போட்டு, ஒளியை மட்டும் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்.டி. ஃபில்ட்டர் வைத்தால் 1/500க்குள் அடங்கும். ஃபில்ட்டருக்கு லென்ஸ் முன்விட்டத்தை அளந்து வழுக்கிச் செருகும் வளையம் கடைந்துகொள்வது நல்லது. 1.5 மீட்டரில் பெல்லோஸ் நீட்சிக்காக மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டவேண்டும். ஒரு மீட்டரில் அரை ஸ்டாப்புக்குச் சற்று மேல்.

எக்ஸ்ரே ஃபிலிமை 8×10இலிருந்து நான்காக வெட்டுபவர்கள் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகச் சீவவேண்டும். ஹோல்டருக்கு ஏற்ற அளவு சுமார் 100×125 மி.மீ. இரு பக்கமும் ஒளியைப் பதியும் பூச்சான எமல்ஷன் இருப்பதால் தட்டில் கழுவும்போது கீறும். அடியில் கண்ணாடித் தகடு போடுங்கள்.

கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் வைத்து, திரையை முறுக்கி, ஹோல்டர் செருகி, ஸ்லைடு எடுத்து அமுக்குவதற்குள் பத்துப் பதினைந்து நொடி ஆகும். அதற்குள் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடுவார், இரண்டு செ.மீ. அசைவார். முதுகும் தலையும் சுவரிலோ உயரமான நாற்காலியிலோ சாய்ந்திருக்கட்டும். லென்ஸ் போர்டில் ஒரு நூலைக் கட்டி, ஃபோகஸ் வைத்த நேரத்தில் அவர் கன்னத்து எலும்பு வரை இழுத்து அங்கே முடிச்சுப் போடுங்கள். அமுக்குவதற்கு முன் முடிச்சைக் கன்னத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு நூலை விடுங்கள். அநேகமாக எல்லா முகத்துக்கும் நான் எஃப் 4ஐத்தான் சொல்வேன். கூர்மையின் ஆழம் 3 செ.மீ. என்பது 5 ஆகும். இரண்டு கண்ணும் மூக்கு நுனியும் சேர்ந்து நிற்கும். பின்னணி கரைவதில் பெரிய குறை தெரியாது.

தோரியம் வேண்டாம் என்பவர்களுக்கு பிரிட்டிஷ் விமானப்படையின் எஃப்-24 கேமராவுக்கு வந்த டால்மேயர் பென்டாக் இருக்கிறது. 8 அங்குலம், எஃப் 2.9, ஐந்து கண்ணாடி, கதிர் கிடையாது, பழுப்பும் ஏறாது. அதற்கும் இதே போர்டு, இதே தாங்கி, இதே ஸ்கேல் சோதனைதான். குவியத்தூரம் 203 மி.மீ. என்பதால் தண்டவாளத் தடைகளை மட்டும் முன்னால் நகர்த்தவேண்டும்.

வேலை முடிந்து கேமராவை அலமாரியில் வைக்கும்போது திரை இறுக்கத்தை மிகக் குறைந்த நிலைக்குத் தளர்த்தி, லென்ஸைப் போர்டோடு கழற்றி, பின்மூடி போட்டு, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து வையுங்கள்.